முப்பத்திரண்டு டிகிரி

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்
மாதவரம் ஆய்வகத்தில் ஏசி செத்தது.
பார்ட்டு கிடைக்க நாளாகும் என்ற மெக்கானிக்
போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்தான்:
“சார் யாரும் இல்லீங்களா?”
நானும் தில்ஷாத்தும் பார்த்துக்கொண்டோம்.
பின்னால் அலமாரியில் நாற்பதாயிரம் பேர்.
ஒருத்தர்கூட சார் இல்லை.

குளவிகள்.
கூர்மையான பென்சிலில் வைத்த புள்ளி அளவு.
கம்புக் குருணையில் வளர்த்த அந்துப்பூச்சியின் முட்டைகளைச் சலித்து
புற ஊதா விளக்கடியில் கருவைக் கொன்று
அட்டையில் கோந்து தடவி ஒட்டித் தருவோம்.
அதற்குள் தன் முட்டையை இறக்கும்.
நாலாம் நாள் அட்டை
எள் கொட்டினாற்போல் கறுக்கும்.
துண்டு போட்டு
திருத்தணிக் கரும்புக்கும் பொன்னேரி நெல்லுக்கும்
பஸ்ஸில் ஏற்றிவிடுவோம்.

எல்லாரும் ஒருத்தி வழி வந்தவர்கள்.
கரும்புச் சோகையில் என்றோ அகப்பட்ட ஒருத்தி.
அவள் உடம்பில் வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருந்தது.
முட்டையில் ஏறினால்தான் அதற்கு அடுத்த தலைமுறை;
ஆண் பிறந்தால் முட்டுச்சந்து.
ஆகவே ஆணாகியிருக்க வேண்டிய முட்டையையும்
பெண்ணாகத் திருப்பிவிட்டது.
கலவி இல்லை. மகள், மகளுக்கு மகள்.
எங்களுக்கும் லாபம்தான்,
ஆண் எந்தப் புழுவின் முட்டையையும் துளைப்பதில்லை.
குடியிருப்பதற்கு அது வசூலிப்பது தனி:
மற்றவள் எண்பது இட்டால்
எங்களவள் ஐம்பதில் களைத்துவிடுவாள்.

பேரேட்டில் ‘ஆண்’ என்று ஒரு பத்தி.
பதினோரு வருஷமாகப் பூஜ்யம்.
எனக்கு முன்னிருந்த கமலவேணி மேடம் அழகாக வட்டமிடுவார்.
என் அவசரத்தில் அது முட்டையாகிவிடும்.

பன்னிரண்டு நாள்.
ஈரத்துணி தொங்கவிட்டோம்.
ஐஸ் பாட்டில்களைத் தட்டுகளுக்கு நடுவே அடுக்கினோம்.
வெப்பமானி முப்பத்திரண்டில் உட்கார்ந்தது,
எழுந்திருக்கவில்லை.
குளவிகள் சாகவில்லை.
செத்தது அவற்றுக்குள் இருந்தது.
எங்களுக்குத் தெரியவில்லை.
ஒரு நாற்றமாவது வந்திருக்கலாம்.

அடுத்த தலைமுறை வெளிவந்த காலை
மைக்ரோஸ்கோப்பைவிட்டு எழாமல் தில்ஷாத் கூப்பிட்டாள்.
“அமலி, இங்க வா. மீசை.”

உணர்கொம்பில் நீளநீளமாக மயிர்.
பதினான்கு பேர்.
இன்னும் ஒன்று,
இடக் கொம்பில் மயிர், வலக் கொம்பு மழமழவென்று.
அதை எந்தப் பத்தியில் எழுத?

ஆண்கள் முதலில் வெளியே வந்து
ஓட்டருகே காத்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.
இவர்களும் காத்திருந்தார்கள்.
நானூறு தலைமுறை யாரும் செய்யாததை
எங்கிருந்தோ தெரிந்து வைத்திருந்தார்கள்.
சிறகை அடித்தார்கள், கொம்பால் தட்டினார்கள்.

பெண்கள் விலகி நடந்தார்கள்.
வெறுப்பெல்லாம் இல்லை.
ரங்கநாதன் தெருவில் நோட்டீஸ் நீட்டுகிறவனைத்
தாண்டிப் போவது போல.
இணங்குவதற்கென்று இருந்த ஏதோ ஒன்று
எவளுக்கும் தேவைப்படாமல்
வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது.

பொன்னேரி தசரதன் போனில்:
“கார்டு இன்னிக்கு வண்டியில வருதா?”
வராது என்றேன்.
ஏன் என்றார்.
வெயில் என்றேன்.

டைரக்டர் மேடம் எல்லாத் தட்டையும் ஃப்ரீசரில் வைக்கச் சொல்லிவிட்டார்.
கோவையில் மாற்று இருக்கிறதாம், வரவழைக்கலாமாம்.

ஏசி உறுமிக் கிளம்பியது.
முப்பத்தொன்று. முப்பது.
கழுத்து வியர்வை சில்லிட,
அந்தப் பத்தியில் பதினான்கு என்று எழுதினேன்.
மை கொஞ்சம் பரவியது.

ஃப்ரீசருக்குப் போகவேண்டிய குழாயில்
ஒருத்தி முட்டைமேல் ஏறினாள்.
நடந்து அளந்தாள், தட்டிக் கேட்டாள்,
துளைக்கத் தொடங்கினாள்.
அரை மில்லிமீட்டர் தள்ளி
அவன் நின்றுகொண்டிருந்தான்.

ஏணியிலிருந்து இறங்கி வந்த மெக்கானிக்
பில்லை நீட்டி, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.
“கையெழுத்து யாருங்க போடுவாங்க?”